எழுத்துள்ள கடதாசி

பழைய கடதாசியில் மட்டை செய்கிறோம் என்றால் கேட்பவர்கள் "நல்ல வேலை" என்பார்கள். மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் நல்ல வேலைதான். மல்லாவியில் ஒரு தகரக் கொட்டிலில் நாங்கள் நான்கு பெண்கள். ஊர் எறிந்த கடதாசியைக் கிழித்து, தொட்டியில் ஊறவைத்து, கூழாக்கி, வலைச் சட்டத்தில் வடித்து, அழுத்திக் காயவைப்போம்.

காலால் மிதித்தால் கூழ் சீக்கிரம் கரையும். ஆனால் எழுத்துள்ள கடதாசி சரஸ்வதி. மிதிக்க ஒருத்தியும் வரமாட்டாள். என் கணவரின் அம்மா, மாமி, தெரியாமல் பேப்பரில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றவைக்காமல் எங்களை விடமாட்டார். அதனால் முழங்கை வரை கையை விட்டுப் பிசைவோம். சரஸ்வதியோடு என்னென்ன வருகிறது என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். புளித்த பருப்பு ஒட்டிய சோற்றுப் பார்சல், குழந்தைகளுக்குக் கட்டிப் பாவித்த பம்பர்ஸ், ஒருமுறை நெளிகிற புழு. சீ! எத்தனை சவர்க்காரம் போட்டாலும் சாப்பிடும்போது என் கையே எனக்கு அருவருப்பு.

கிளிநொச்சியில் ஒரு புடவைக்கடை முதலாளி கூறைச்சேலைப் பெட்டிக்கு மட்டை கேட்டிருந்தார். முதலில் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"கலியாணப் பெட்டியைத் திறக்க மீன்சந்தை மணக்குது தங்கச்சி. இன்னொருக்காச் செய்துகொண்டு வாங்கோ. அதுவும் சரிவராட்டி விட்டிடுவம்."

அந்தக் கடை போனால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான். வீடுவீடாகப் போய் ஆளுக்கொரு உரப்பை கொடுத்து, கொப்பித்தாளும் சுத்தமான கடதாசியும் மட்டும் போடச் சொன்னோம். எல்லாரும் "ஓம், ஓம்" என்றார்கள். வந்த பைகளைக் கொட்டி ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். கடைசியாக இருந்தது எங்கள் வீட்டுப் பை.

"உங்கட வீட்டுப் பைதானே அக்கா, அதில என்னத்தைப் பாக்கிறது?" என்று கூட வேலை செய்பவள் அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

ஊறியபின் மூடியைத் திறந்தோம். மீன் நாற்றம் மூக்கில் அடித்தது. கூழின் மேல் மீன் செதில் மிதந்தது. பிசையக் கைவிட்டவளின் விரல்களில் மீன்குடல் சுற்றிக்கொண்டது. அவள் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். அடியில் துழாவி, நூலால் கட்டிய ஒரு பொட்டலத்தை நான் எடுத்தேன். சுற்றியிருந்தது என் மகளின் கணக்குக் கொப்பித்தாள்.

கூழ் முழுவதையும் கிடங்கு வெட்டிக் கொட்டினோம். சொன்ன நாளுக்கு மட்டை போகவில்லை. முதலாளி வேறிடம் பார்த்துக்கொண்டார். கொட்டிலைப் பூட்டிவிட்டு, அந்தப் பொட்டலத்தை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் மீன் வெட்டுவது மாமிதான்.

"மாமி, மீன் கழிவை ஏன் அந்தப் பைக்குள்ள போட்டனீங்கள்?"

"கடதாசியிலதானே பிள்ளை சுத்தினனான். வெளிய எறிஞ்சால் நாய் இழுக்கும். நீங்கள் அங்க எப்பிடியும் தண்ணியிலதானே போடுறனீங்கள்?"

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன்கோயில். பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் நிலத்தில் வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகப் பார்த்தவரின் கால் அதில் பட்டது.

"எழுத்திருக்கு மாமி," என்றேன். "தொட்டுக் கண்ணில ஒத்துங்கோ."