குங்குமப் பொட்டும் கேம் சக்கரமும்

எஞ்சின் டைமிங் வைப்பதற்கென்றே தனி டூல் செட் உண்டாம். ஹாலிஎலயில் கராஜ் போட்ட நாளிலிருந்து நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் சக பாவிகளே, பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ராமையா அண்ணனின் வேனுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். மறுநாள் அவர் மகளை மணப்பெண்ணாகப் பதுளைக் கோயிலுக்கு ஏற்றிப்போகும் வண்டி அது. பெல்ட்டை ஒரு பல் தவறி மாட்டினாலும் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போய்விடும்.

ஈர்க்கு வைத்தியம்

முதலில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். அண்ணன் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவி, பிளக் ஓட்டையில் விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஈர்க்கு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்: "தம்பி, ரிப்பேர் பண்றீங்களா, மந்திரிக்கிறீங்களா?"

கம்புக்கு வந்த வேலை

பெல்ட்டைக் கழற்றினாலும், வால்வுகளை இயக்கும் கேம் சக்கரங்கள் இரண்டும் ஆடாமல் நிற்க, நடுவில் ஏதாவது செருக வேண்டும். அண்ணன் மனைவி கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கும் கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அதன் நுனி கச்சிதமாகப் பொருந்தியது. எதற்கும் இருக்கட்டும் என்று மணப்பெண்ணிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, சக்கரங்களிலும் அவற்றுக்கு நேரே எஞ்சினிலும் புள்ளி வைத்து, பழைய பெல்ட்டைக் கழற்றினேன்.

நான் கை கழுவப் போன நேரத்தில் அண்ணன் மனைவி கம்பை உருவிவிட்டார். சக்கரங்கள் சட்டென்று திரும்பிக்கொண்டன. நான் தலையில் கைவைத்ததும் அவருக்குக் கோபம்: "திங்கக்கெழம கங்காணி கேட்டா, கம்பு வேன்ல வேல பாக்குதுன்னு சொல்லவா?"

பொட்டு

புள்ளிதான் இருக்கிறதே என்று தைரியமாக டீ குடித்துவிட்டு வந்தால், அண்ணன் கோயில் குங்குமத்தைக் குழைத்துச் சக்கரம் முழுக்கப் பொட்டு வைத்திருந்தார். எது என் புள்ளி, எது சாமி பொட்டு? துணியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாண வண்டி தம்பி, பொட்ட அழிக்கக் கூடாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மருதாணிக் கையோடு மணப்பெண் வந்து எட்டிப் பார்த்து, "பளபளன்னு இருக்கறதுதாண்ணே என்னோடது" என்றாள். அந்தப் புள்ளிகளை நேராக்கி பெல்ட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றினேன். எதுவும் முட்டவில்லை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது: "பாத்தீங்களா தம்பி, பொட்டு வச்ச ராசி!"

ஓடினால் சாமி, ஓடாவிட்டால் மெக்கானிக் என்பதுதான் எங்கள் தொழிலில் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறை.