முன் சீட்டு

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணிப்பை, சட்டையெல்லாம் வாழைக்கறை. சில மாதங்களாக வாழைத்தார் வெட்டிய கூட்டத்தை விட்டு அன்று மத்தியானம்தான் கிளம்பினேன்.

எங்கள் மேஸ்திரி மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மேஸ்திரி தார் சுமக்க வேண்டியதில்லை, வேலை வாங்கினால் போதும். கூட்டத்தில் மூத்தவரான, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனி பாரம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி இடம் கிடைக்காவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன் எந்தத் தோட்டத்தை முடிப்பது என்று சொல்வதும், சண்டையை விலக்கிவிடுவதும் அவர்தான். ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

அன்று காலை, தார் வாங்கும் வியாபாரி காரைவிட்டு இறங்காமலே கேட்டார்.

"நாளையிலருந்து நான் யாருகிட்டப்பா பேசுறது?"

அண்ணன் குனிந்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரியின் கண் என்மேல் நின்றது. எனக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், எந்தத் தொழிலையும் முழுசாகக் கற்றதில்லை. இருந்தும் போன இடமெல்லாம் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"அண்ணன்தான் மொதலாளி," என்றேன்.

"அவுகளா? அவுக பேசி நான் கேட்டதே இல்லையேப்பா."

"பேசுவாக மொதலாளி, தீபாவளிக்கு ஒருக்கா," என்றான் லோடு ஏற்றுகிற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நீ ஏன்யா பம்முற?" என்று வியாபாரி என்னிடம் கேட்டார். "ஒன் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குதுல்ல."

"நான் இன்னைக்கே கெளம்புறேன் மொதலாளி."

நான் இல்லாவிட்டால் அவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

பாதி வழியில் எங்கள் வண்டி என்னைத் தாண்டியது. மேஸ்திரி உட்காரும் முன் சீட்டில் அந்த லோடுக்காரன், கையை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு. பின்னால் தார்களுக்கு மேல், கயிற்றைப் பிடித்தபடி அண்ணன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

பஸ் பிடித்துக் கம்பம் போய், பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிகாலையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் பக்கம் போனேன். பின்னால் பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் நாளைக்கு வருவாள் என்று ஒரு அக்கா ஆள் பிடிக்கிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காய் எடுத்திருக்கியா?"

"இல்ல."

"பரவால்ல. கங்காணி வேலய விட்டு நின்னுட்டாக. சத்தம் போட்டு வேல வாங்குவியா?"

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். முந்தின நாள் நான் வேண்டாம் என்றதால் அண்ணனுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை. எனக்குப் பசி.

"வாங்குவேன்," என்றேன்.

"அப்ப முன்னால ஏறு."

ஏறினேன்.