மூலைக் குழிக்குள் போன சிவப்புப் பை

காலை பத்து இருபதுக்கு ஃபாதர் என் பக்கம் கையை நீட்டினார். நான் கைப்பைக்குள் கையை விட்டு, சிவப்பு வெல்வெட் பையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது. அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் மனை. அன்று அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் போடும் நாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் கடைக்கால் போடும்போது புனிதர்களின் பதக்கங்களை ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரிக்க, மூலைக் குழியில் போட்டு மூடுவோம். எந்த மூலை என்பதை மட்டும் மேஸ்திரி சொல்வார். எங்கள் மேஸ்திரி ஈசானி மூலையைத் தவிர மற்ற மூன்றையும் மூலையாகவே மதிப்பதில்லை. ஃபாதரும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. ஆண்டவருக்கு எல்லா மூலையும் ஒன்றுதான், மேஸ்திரிக்குத்தான் ஒரு மூலை வேண்டியிருக்கிறது என்பார்.

தீர்த்தம் தெளித்து, பையைக் குழிக்குள் போட்டார். நாங்கள் ஆளுக்கு ஒரு கரண்டி கலவை போட்டோம். பிறகு மிஷின் ஓட, மேஸ்திரியின் ஆட்கள் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லிக் கலவையைக் கொட்டி, தட்டி, மட்டம் பார்த்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்கள். ஃபாதர் வானூரில் ஒரு அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று வடையைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்பினார்.

என் கைப்பையில் இரண்டு சிவப்புப் பைகள் இருந்தன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்றில் பதக்கங்கள். மற்றொன்றில் என் மகனின் கல்யாணத் தாலி.

கல்யாணம் அடுத்த திங்கட்கிழமை, பெண் வீட்டார் ஊரான வளவனூரில். தாலியை விழுப்புரத்துக் கடையில் செய்யக் கொடுத்து வாங்கி வந்த நாளிலிருந்து அதை நான் வீட்டில் வைக்கவில்லை. பீரோவில் வைத்தால் திருடன் வருவான், அரிசிப் பானையில் வைத்தால் மறந்துபோய் உலையில் போட்டுவிடுவேன். அதனால் மார்க்கெட், பள்ளிக்கூடம், கோயில் என்று எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போனேன். கடைக்காரர் உபரியாக ஒரு பை கொடுத்திருந்தார். வீணாகிறதே என்று பதக்கங்களை அதில் போட்டது நான்தான்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பைக்கு மேலாகத் தாலியைத் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. வந்தவர்களுக்குப் பொங்கல் பரிமாறிக்கொண்டே தடவினேன். கையில் ஒன்றுக்கு நாலாகத் தட்டுப்பட்டது. பையைப் பிரித்தேன். உள்ளே புனித அந்தோணியார் என்னைப் பார்த்தார். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அவர். அவரையே வெளியே வைத்துவிட்டுத் தாலியைத் தொலைத்திருந்தேன்.

வேறு தாலி வாங்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். என் கணவரும் வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கேட்டார். என் தாலிச் சரட்டில் இருந்த இரண்டு தங்கக் குண்டுகளை உருக்கிச் சேர்த்துச் செய்தது அது. பெண்ணின் அம்மா பார்த்துச் சொன்ன இதய வடிவம், நடுவில் சிலுவை. செய்துகொடுக்க ஆசாரி எடுத்துக்கொண்ட நாளில் ஒரு மாடியே கட்டியிருக்கலாம். அதெல்லாம் போகட்டும். மகன் கட்டப்போகும் தாலியை மாமியாரே மண்ணில் புதைத்து மேலே கலவையும் கொட்டினாள் என்று தெரிந்தால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?

அந்தப் பெண்ணின் அம்மா அன்று மதியம் மனைக்கு வருவதாக இருந்தார். திண்டிவனத்தில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு அப்படியே எங்கள் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று. வீடு என்று நான் சொல்வது, பெண் பேசப் போனபோது என் கணவர் சொன்ன வீடு. "வீடு கட்டிக்கினு இருக்கோம்" என்று அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னபோது மனையில் எல்லைக் கல்லும் இந்த வேப்பங்கன்றும்தான் இருந்தன. கல்யாணத்துக்கு முன் குழியாவது தோண்டிவிட வேண்டும் என்று மேஸ்திரியைக் கெஞ்சிக் கூட்டி வந்ததே அதனால்தான்.

மேஸ்திரியிடம் போனேன்.

"மேஸ்திரி, அந்த மூலைக் குழியைக் கொஞ்சம் திருப்பித் தோண்டணும்."

"எதுக்கும்மா?"

"என் மோதிரம் உள்ள விழுந்துடுச்சி."

அவர் என் கையைப் பார்த்தார். "வெரல்ல கீதேம்மா."

"இது வேற."

"ஃபாதரு தண்ணி தெளிச்சி மூடினத நான் தொட மாட்டேம்மா. எங்க சாமியா இருந்தா கற்பூரம் கொளுத்தி, தப்பாப் பூடுச்சின்னு சொல்லிட்டு எடுத்துருவேன். உங்க சாமிகிட்ட எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியாது."

கலவைப் பாண்டு சுமந்துகொண்டிருந்த அம்மாள் நின்று என்னை உற்றுப் பார்த்தார். "ஒரு மோதிரத்துக்கா இப்டி வெளுத்துப் போயிட்டீங்க? தாலியப் பறிகுடுத்த மாதிரி நிக்கிறீங்களே."

நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "என்னோடது இங்கதான் இருக்கு." பொய் இல்லை.

ஃபாதருக்குப் போன் போட்டேன். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று, விஷயத்தை வாய்க்குள்ளேயே சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட இருமல் கேட்டது. அடக்க வீட்டில் இருக்கிறாரே, சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"அப்ப நான் தாலிய மந்திரிச்சிருக்கேன்."

"ஆமாங்க ஃபாதர்."

"பரவால்ல. திங்கக்கெழம செய்யறத இன்னிக்கே செஞ்சிட்டேன். மேஸ்திரிகிட்ட போனக் குடுங்க."

"ஃபாதர், அவர்கிட்ட மோதிரம்னு சொல்லியிருக்கேன்."

"நான் ஒண்ணும் சொல்லல. குடுங்க."

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். "சரிங்க சாமி. சரிங்க. பாவம் எதுனா வந்தா? சரிங்க. அப்ப உங்க தலையில." போனைத் திருப்பிக் கொடுத்தார். "எடுக்கலாமாம். வந்தா அவுரு பாத்துக்கிறாராம்."

கடப்பாரையை ஓங்கினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கூர் சரியாக இதயத்தின் நடுவில், சிலுவையின் மேல் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"கடப்பாரை வேண்டாம். கையால எடுக்கலாம்."

"கையாலயா? கலவை இறுகிக்கினு வருதும்மா. இன்னும் செத்த நேரம் போனா நீங்க கேட்டாலும் வராது."

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். மார்பளவு ஆழம். வேறு வழியில்லாமல் மேஸ்திரியும் சின்னக் கரண்டியோடு எதிர்ப்பக்கம் இறங்கினார். இருவரும் பாத்திரம் தேய்ப்பவர்களைப் போலக் குந்திக்கொண்டு கலவையைச் சுரண்டினோம். காலையில் ஃபாதர் பையை எந்தப் பக்கம் போட்டார் என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் அல்லவா.

நாங்கள் இரண்டு பேர் உள்ளே அசைந்ததில் குழியின் பக்கவாட்டு மண் சரிந்தது. மண்ணோடு கை அகலத்துக்கு ஒரு பானை ஓடும் விழுந்தது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. குழி தோண்ட வந்திருந்த ஜேசிபியின் ஓட்டுநர் மேலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகத்தான் சொன்னார், "புதையலு." சாலையோர டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வந்தார்கள். வீட்டுக்காரம்மாவே புடவையைச் செருகிக்கொண்டு குழியில் இறங்கியிருக்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது என்பது அவர்கள் கணக்கு.

"மோதிரமாம்."

"எந்த வூட்லப்பா மோதிரத்துக்குப் போட்ட கலவைய ஒடைக்கிறாங்க? பானை வாயி மட்டும் தெரியட்டும், பாரு."

"தாலுகா ஆபீசுக்குத் தகவல் சொல்லணும்."

மேஸ்திரி கரண்டியை நிறுத்தினார். "ஆபீசருங்க வந்தா வேல நின்னுடும். இது யாரோ ஒடச்சிப் போட்ட கொழம்புச் சட்டி. போ, போ, டீ ஆறுது."

இதுவரை நாற்காலியை விட்டு அசையாத என் கணவர் இப்போதுதான் எழுந்து வந்தார். செய்தித்தாளில் அகழாய்வு என்று இருந்தால் மற்ற பக்கங்களைத் திருப்பாதவர். குழியின் விளிம்பில் குந்தி, பானைச் சில்லை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்மா இது."

"நான் தேடறது ஒரு வாரத்துது. அதப் பாத்துக் குடுங்க மொதல்ல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஒரு வாரத்துப் புதையலா?"

என் விரல்கள் சிமெண்டில் எரிய ஆரம்பித்திருந்தன. அந்தோணியாரை வேண்டினேன். வேண்டும்போதே, அவர் என் கைப்பைக்குள் கோபமாக இருப்பார் என்றும் தோன்றியது. கலவை பல் இறங்காத வெல்லம் போல ஆகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஒரு கட்டியைப் பெயர்த்து வெளியே எறியப் போனார். அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் தொங்கியது.

"எறியாதீங்க."

கட்டியை வாங்கி இரண்டாகப் பிய்த்தேன். வெல்வெட் பை மாவில் தோய்த்த பஜ்ஜி போல வந்தது. வாய்ச்சரடு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு இதயம். கட்டைவிரலால் தேய்த்தேன். சிலுவை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

மேஸ்திரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மோதிரம்னீங்களேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி துண்டை விரித்து மறைத்துக்கொண்டார்.

ஆனால் மேலே பேச்சு நின்றுபோயிருந்தது. நிமிர்ந்தேன். கூட்டம் விலகி வழிவிட, பத்திரிகைப் பையைத் தோளில் மாட்டிய சம்பந்தியம்மா குழியின் விளிம்பில் நின்றிருந்தார். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவரிடம், உள்ளே புதையல் எடுக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் அழைத்து வந்திருக்கிறார்.

அவர் நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் துண்டு எதையும் மறைக்கவில்லை. தான் பார்த்துச் சொன்ன இதய வடிவம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் கை, என் முகம், முட்டி வரை சேறு, வாயோரம் ஒட்டிய சிமெண்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.  ஒரு வாரமாக ராத்திரியில் தூங்காமல் நான் கற்பனை செய்த கெடுதல்கள் எதிலும் இது இல்லை.

பிறகு அவர் தலையைத் தூக்கி, மனை முழுக்க இருந்த குழிகளைப் பார்த்தார். கணவரின் நாற்காலியைப் பார்த்தார். வேப்பங்கன்றைப் பார்த்தார்.

"இதான் நீங்க சொன்ன வூடா?"

என் கணவர் பானைச் சில்லைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் குழிக்குள்ளிருந்து தலையை ஆட்டினேன்.

சம்பந்தியம்மா பத்திரிகைப் பையை மண்மேட்டில் வைத்தார். அதிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, விளிம்பில் குந்தி, என் பக்கம் கையை நீட்டினார்.

"குடுங்க அண்ணி. சிமெண்ட்டு காயறதுக்குள்ள கழுவணும். திங்கக்கெழம வேணுமில்ல."