இரண்டையும் நீக்கினேன்

அந்தக் காலையில் நான் செய்தது நியாயமான காரியம் என்றுதான் நம்பினேன். அடையாறில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள், பணி ஓய்வு பெற்ற எங்கள் அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இரண்டு செய்திகளை நீக்கினேன். ஒன்று மயிலாப்பூர்க்காரர் போட்டது. மற்றது அதற்கு மந்தைவெளிக்காரர் எழுதிய பதில். இரண்டையும் அழித்துவிட்டு, "நண்பர்களே, இங்கே அரசியல் வேண்டாம், எல்லாரும் வேண்டியவர்கள்" என்று எழுதினேன். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. மனசு லேசாக இருந்தது. சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன்.

நாங்கள் மூவரும் ஓர் அரசு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று எது வந்தாலும் மூன்று மேஜைகளில் பிரித்துக்கொண்டு வரைவோம். மயிலாப்பூர்க்காரர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து இன்றுவரை அங்கேயே இருப்பவர். கோயில், கச்சேரி, ஒழுங்கு. என்னைக் கடைசி நாள்வரை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். மந்தைவெளிக்காரர் ஊழியர் சங்கத்து ஆள், சாமி கும்பிடாதவர், உரக்கப் பேசுபவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்ற உரிமையில் முதல் வாரத்திலேயே "தங்கச்சி" ஆக்கிவிட்டார்.

தேர்தல் வந்தால் மதிய சாப்பாட்டு நேரம் முழுக்க இருவரும் மோதிக்கொள்வார்கள். கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள். இவர் சொல்வதில் இது சரி, அவர் சொல்வதில் அது சரி என்று நான் சொல்வேன். பயந்து சொன்னதில்லை, உண்மையாகவே எனக்கு அப்படித்தான் தோன்றும். எந்தக் கட்சிக்கும் நான் தொடர்ந்து இரண்டு தடவை ஓட்டுப் போட்டதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் அப்பாவும் தாய்மாமாவும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தார்கள். தீபாவளிப் பலகாரத் தூக்கை இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுமந்தவள் நான். பேச்சு அறுந்துபோனால் ஒரு வீடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். அலுவலகத்திலும் அதற்கு மதிப்பு இருந்தது.

அந்த இருவரும் விரோதிகள் இல்லை. மந்தைவெளிக்காரரின் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிய சமயம் அவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்திருந்தார். பரீட்சை மையம் தி.நகரில். எல்லாப் பரீட்சைக்கும் அந்தப் பெண்ணை மயிலாப்பூர்க்காரர்தான் தன் வண்டியில் கூட்டிப் போனார். மூன்று மணி நேரமும் வெளியே மரத்தடியில் நின்று, அவள் வந்ததும் இளநீர் வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட்டுவிட்டுத் தாமதமாக அலுவலகம் வருவார். அந்தப் பெண் அவரை "மாமா" என்பாள்.

மயிலாப்பூர்க்காரர் எப்போது மாறினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் எப்போதும் போன் இருந்தது. முதலில் கோயில் படங்கள் அனுப்பினார், பிறகு சரித்திரம், பிறகு யார் யாரால் இந்த நாடு கெடுகிறது என்ற பட்டியல்கள். மந்தைவெளிக்காரரும் சும்மா இருக்கவில்லை. நேரில் பேசினால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும் விஷயம், எழுத்தில் வந்தபோது முடியவே இல்லை. நான் இருவருக்கும் தனித்தனியே போன் செய்து, விடுங்களேன் என்பேன்.

மந்தைவெளிக்காரரின் மகள் தன்னோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். உருது பேசும் குடும்பம். மூன்று தலைமுறையாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர்கள். இரண்டு குடும்பமும் சம்மதித்து, பதிவு செய்து, தி.நகரில் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். நான் போனேன். மயிலாப்பூர்க்காரர் ரத்த அழுத்தம் என்று சொல்லி வரவில்லை. மந்தைவெளிக்காரர் கல்யாணப் போட்டோவைக் குழுவில் போட்டார். எல்லாரும் வாழ்த்தினார்கள். மயிலாப்பூர்க்காரரும் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து அவர் குழுவில் ஒரு நீண்ட செய்தி போட்டார். எங்கிருந்தோ வந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்த செய்தி அது. வேற்று மதத்தில் பெண் கொடுக்கும் அப்பாக்களைப் பற்றி, அந்தப் பெண்களுக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி. அதில் இருந்த வார்த்தைகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. மந்தைவெளிக்காரரின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. அதிலும் அசிங்கம் இருந்தது. மயிலாப்பூர்க்காரரின் சாதியை இழுத்திருந்தார், இறந்துபோன அவருடைய அம்மாவையும் இழுத்திருந்தார். குழுவின் நிர்வாகி என்ற முறையில் நான் இரண்டையும் அழித்தேன்.

மத்தியானம் மந்தைவெளிக்காரர் கூப்பிட்டார். வழக்கமான உரத்த குரல் இல்லை.

"அவரு போட்டதும் நான் போட்டதும் ஒண்ணா தங்கச்சி? ரெண்டும் ஒரே மாதிரியா கீது உனக்கு?"

ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்று, நிதானமாக உட்கார்ந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையின் மேல் ஊற்றியது. இன்னொன்று, அடிபட்டவர் கத்தியது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. "அவருக்கு வயசாயிடுச்சு அண்ணே, யோசிக்காம அனுப்பிடறார்" என்றேன். அவர் போனை வைத்தார். அன்றைக்கே குழுவிலிருந்து விலகினார்.

சாயங்காலம் மயிலாப்பூர்க்காரரும் கூப்பிட்டார். தன்னுடைய செய்தியை ஏன் எடுத்தேன் என்று அவருக்கும் வருத்தம். பொதுவாக வந்ததைத்தானே போட்டேன், பெயர் சொன்னேனா, அவர்தானே என் அம்மாவைத் திட்டினார் என்றார். அவரிடம், "அவருக்குக் கோபம் ஜாஸ்தி சார், உங்களுக்குத் தெரியாததா" என்றேன். இரண்டு பேரிடமும் நான் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்காது. அந்தக் கல்யாணப் போட்டோ வெளியே சுற்றுகிறது என்று தெரிந்தது. அதே நீண்ட செய்தியின் மேல் அந்தப் பெண்ணின் படம், அவள் பெயர், கணவனின் பெயர், கடை இருக்கும் தெரு. யார் யாரோ அவளுக்குப் போன் செய்தார்கள். அவள் வேலை செய்யும் இடத்துக்குக் கடிதம் போனது. ஒரு நாள் காலை கடை திறந்த உடனே நாலு பேர் வந்து, கண்ணாடி பார்ப்பதுபோல் நின்று, மாமனாரிடம் மருமகளைப் பற்றிக் கேட்டார்கள். போகும்போது ஒருவன் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கியிருந்த தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அந்தப் போட்டோ எங்கள் குழுவைத் தவிர வேறெங்கும் போடப்படவில்லை. நான் அன்றே மயிலாப்பூருக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்து, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அறை வாசலிலேயே நின்றார். நான் கேட்பதற்கு முன்பே மயிலாப்பூர்க்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தன் உறவுக்காரர்கள் குழு ஒன்றில் மட்டும்தான் அந்தப் படத்தைப் போட்டதாகச் சொன்னார். அதுவும், பாருங்கள், எனக்குத் தெரிந்த வீட்டிலேயே இப்படி நடந்துவிட்டது என்ற வருத்தத்தில். அங்கிருந்து யார் எடுத்துக்கொண்டு போனார்கள், யார் பெயரையும் தெருவையும் சேர்த்தார்கள் என்று தெரியாதாம்.

"அந்தக் குழந்தைக்கு இப்படியெல்லாம் வரும்னு நான் நெனைக்கலை மேடம்" என்றார்.

அது பொய்யில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நீங்களே மந்தைவெளிக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்றார். சரி, உறவுக்காரர்கள் குழுவிலாவது, நான் போட்டது தவறு என்று ஒரு வரி எழுதுங்கள் என்றேன். அவர் முகம் இறுகியது. "நான் படத்தைப் போட்டது தப்பு. ஆனா அதுல எழுதியிருந்தது தப்பில்லையே" என்றார். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். நான் ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மந்தைவெளிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். குழு என் பெயரில் இருக்கிறது. போட்டோ அங்கேதான் இருந்தது, மயிலாப்பூர்க்காரர்தான் வெளியே அனுப்பினார் என்று நான் வந்து சொன்னால் போதும் என்றார்.

நான் அப்போது சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. "அண்ணே, ஸ்டேஷனுக்குப் போனா இது இன்னும் பெரிசாகும். அவர் மனசுக்குள்ள நொந்து போயிருக்கார். நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன். ஒரு வாரம் டைம் குடுங்க."

"என் பொண்ணு ரூமைப் பூட்டிக்கினு உக்காந்துகீது. நீ ஒரு வாரம் கேக்கற" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

தனியாகப் போய்ப் புகார் கொடுத்தார். யார் அனுப்பியது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். நான் அந்த ஒரு வாரத்தில் மயிலாப்பூருக்கு இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டாவது தடவை அவர் மகன் எடுத்து, அப்பாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் ஆன்ட்டி என்றான்.

எட்டாவது நாள் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். புகார் கொடுத்தவரே முந்தின நாள் வந்து, மேற்கொண்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். நான் எழுதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கி ஒரு கோப்பின் மேல் வைத்தார்.

நான் போனது எப்படியோ மயிலாப்பூருக்கு எட்டிவிட்டது. அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார். "முப்பது வருஷப் பழக்கம். கடைசியில் நீங்களும் அந்தப் பக்கம் போயிட்டேள்" என்றார். ஆமாம் சார் என்றேன். இரண்டு நாளில் குழுவிலிருந்து பாதிப் பேர் விலகினார்கள். போலீஸுக்குப் போனவள் என்று சிலர். போக எட்டு நாள் எடுத்துக்கொண்டவள் என்று சிலர். குழுவைக் கலைத்தேன்.

என் கருத்துகள் மாறிவிடவில்லை. இப்போதும் எந்தக் கட்சி பேசுவதும் எனக்குப் பாதிதான் ஒத்துப்போகிறது. இப்போதும் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கத்தும்போது இரண்டு பேரிடமும் தவறு தெரிகிறது. ஆனால் அந்த ஒன்பது வருஷம் தூக்குச் சுமந்த பெண் ஒன்றைத் தவறாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். அப்பாவும் மாமாவும் சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். அங்கே யாருக்கும் ரத்தம் வரவில்லை. இங்கே ஒரு பெண் அறைக்குள் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் அதையும் ஒரு மனஸ்தாபம் என்று எடுத்துக்கொண்டு அவகாசம் கேட்டேன். அவள் அப்பாவிடம் கேட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் மந்தைவெளி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கீரைக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். விலகிப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. என் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். பெண்ணுக்கு இது ஏழாவது மாதம் என்றார். வளைகாப்புக்கு வரவில்லை, பிரசவத்துக்கும் இங்கே வரமாட்டாள். அவர் மனைவிதான் அங்கே போகப் போகிறார்.

குழந்தைக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. விலாசம் கொடுங்கள் அண்ணே என்றேன்.

அவர் கீரைக்கட்டைப் பைக்குள் வைத்தார். "அட்ரஸ் யாருக்கும் குடுக்கறதில்ல தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பார்த்துப் போ, ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குள் போனார்.