கிலுகிலுப்பைக்கு மிரண்ட சாம்பியன்

2005-ஆம் வருடம், சித்திரை வெயில் சூடு பிடிக்க ஆரம்பித்திருந்த சமயம். மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், இவைதான் என் ராஜ்யம். குதிரை என்று அதுவரை நான் படம் எடுத்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் ஒரு கிழட்டுக் குதிரை. பேண்டு வாத்தியம் காதுக்குள் முழங்கினாலும் நின்றபடியே தூங்கும். அதனால் குதிரை என்பது நான்கு கால் வைத்த சோபா என்பதுதான் என் அபிப்பிராயமாக இருந்தது.

அந்த அபிப்பிராயம் ஒரு காலை நேரத்தில், அரை மணி நேரத்துக்குள் தலைகீழானது.

கூனிமேட்டுக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்புக்குள் சென்னைக்காரர் ஒருவருக்கு ஒரு பங்களா உண்டு. அவர் பந்தயக் குதிரைகள் வைத்திருப்பவர். வெயில் காலம் வந்தால் குதிரைப் பந்தயம் ஊட்டிக்கு ஏறிவிடும். அவருடைய குதிரைகளும் போய்விட்டன, ஒன்றைத் தவிர. முந்தைய சீசனில் பெரிய கோப்பையை ஜெயித்த சாம்பியன் அது. முன்னங்காலில் லேசான வீக்கம் என்பதால், தினமும் கடல் தண்ணீரில் நிறுத்திச் சரிசெய்து, சீசன் முடிவதற்குள் மலைக்கு அனுப்பலாம் என்று இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பங்களாச் சுவரில் மாட்டுவதற்கு அதன் பெரிய படம் ஒன்று வேண்டும். வழக்கமாக எடுப்பவர் ஊட்டியில் இருக்கிறார். உள்ளூரில் யார் என்று விசாரித்திருக்கிறார்கள். யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தேடுகிறேன்.

காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள். ஆறு மணிக்கே போய் நின்றேன். கல்யாணத்துக்கு மட்டும் போடும் பட்டுக் கலர் சட்டை வேறு. குதிரையைப் பார்த்ததும் அசந்துபோனேன். கரும்பழுப்பு நிறம். எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. தோலுக்குக் கீழே நரம்பு ஓடுவது தெரிந்தது. ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் துடித்தது. அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்கும் கால்கள் என் மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் தடிமன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை மறைக்க நான் எப்போதும் செய்வதைச் செய்தேன், நிறையப் பேசினேன்.

குதிரையைக் கவனித்துக்கொள்பவர் ஐம்பது வயதுக்காரர், சென்னையிலிருந்து கூடவே வந்தவர். எல்லாரும் அவரை பாய் என்றார்கள். அவர் குதிரையை ‘பேட்டா’ என்று கூப்பிட்டார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போலவே இருந்தது.

“பக்கவாட்டுல எடுக்கணும் தம்பி. நாலு காலும் தெரியணும். ரெண்டு காதும் முன்னாடி நிக்கணும். காது தொங்குச்சுன்னா கழுதைன்னுடுவாங்க” என்றார் பாய்.

தோப்புக்குள் நிழல் திட்டுத் திட்டாக விழுந்தது. எனக்கு அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளம். வெள்ளை வெளேரென்று பின்னணி, நடுவில் கரும்பழுப்புக் குதிரை. எப்படி இருக்கும்! பாய் தயங்கினார். “சார் டீ குடிச்சிட்டு வரட்டும், கேட்டுக்கலாம்” என்றார். வெயில் ஏறிவிட்டால் வெளிச்சம் கெட்டுவிடும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

உப்பளத்தின் பெரிய வரப்பு மாட்டுவண்டி போகும் அகலம், கெட்டியானது. ஒரு பக்கப் பாத்திகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். அந்தப் பாத்திகளின் ஓரமெல்லாம் கால் தடம், சேறு, பலகை. படத்துக்கு அழகாக இல்லை. இன்னொரு பக்கம் ஒரு பாத்தி, ஒரு தடம்கூட இல்லாமல் வெண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. அதை ஒட்டிக் குதிரையை நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. உப்பு விளையும் பாத்தியைச் சீசன் ஆரம்பத்தில் நாள்கணக்காகக் காலால் மிதித்து மிதித்துத் தரையைச் சிமெண்டு மாதிரி ஆக்குவார்கள். மிதிக்காமல் விட்ட பாத்தியில் மேலே வெள்ளை ஏடு படியும், அடியில் களிச்சேறு அப்படியே இருக்கும். தடமே இல்லை என்றால், அங்கே யாரும் கால் வைப்பதில்லை என்று அர்த்தம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அன்றைக்குக் கண்ணால் பார்க்காமல் லென்ஸால் பார்த்தேன்.

“பாய், நீங்க படத்துல வரக்கூடாது. கயித்த நீளமா விட்டுட்டு அந்தாண்ட போயிடுங்க” என்றேன். அவர் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனார். குதிரை நின்றது. நான்கு காலும் தெரிந்தன. காது மட்டும் நிமிரவில்லை.

என் ஸ்டூடியோவில் குழந்தைகள் கேமராவைப் பார்க்காவிட்டால் ஒரு வித்தை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. அன்றைக்கும் பையில் இருந்தது. எடுத்தேன். ஒரு வயதுக் குழந்தைக்கு ஆட்டுவது போல, தலைக்கு மேலே தூக்கி, ‘அச்சுக்குட்டி’ என்று கொஞ்சிக்கொண்டே பலமாக ஆட்டினேன்.

காது நிமிர்ந்தது. கூடவே முன்னங்கால் இரண்டும் நிமிர்ந்தன. ஒரு நொடி என் தலைக்கு மேலே குளம்புகள் தெரிந்தன. அடுத்த நொடி குதிரை பின்னால் பாய்ந்தது. பாயின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது. பின்னங்கால்கள் வெள்ளை ஏட்டை உடைத்துக்கொண்டு இறங்கின. திரும்பி வரப்பில் ஏற முயன்று திமிறியதில் முன்னங்கால்களும் இறங்கிவிட்டன. குதிரை கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

பாய் யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டார். இடுப்பு வரை இறங்கினார். குதிரை ஒவ்வொரு தடவை திமிறும்போதும் இன்னும் ஒரு சாண் உள்ளே போனது. வயிறு களியைத் தொட்டுவிட்டது.

“கால முறுக்குது, கால முறுக்குது! பேட்டா, நில்லு, நில்லு பேட்டா!” என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒரு எலும்பு போச்சுன்னா ஊசி போட்டு முடிச்சிடுவாங்க தம்பி. இதுங்களுக்குக் கால்தான் உசுரு.”

என் கையில் இன்னும் கிலுகிலுப்பை இருந்தது. கை அதை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது. தூக்கி எறியக்கூடத் தோன்றவில்லை.

பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவர் நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அக்கா. அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவர். வந்ததும் முதலில் என்னைத்தான் திட்டினார்.

“ஏம்பா போட்டோக்காரரே, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிற? அந்தக் கிலுகிலுப்பைய தூக்கிக் கெடாசு! கோணிய விரிச்சிப் படு. தலையப் புடி.”

“எந்தத் தலையக்கா?”

“ம்... என் தலைய! குதிர தலையப் புடிய்யா!”

களியின் மேல் கோணிகளைப் போட்டார்கள். நான் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். பட்டுக் கலர் சட்டையைக் கழற்றச் சொன்னார் பாய். அதைக் குதிரையின் கண்ணைச் சுற்றிக் கட்டினார். கண் மறைந்ததும் திமிறல் கொஞ்சம் அடங்கியது. அதன் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கடித்துவிடுமோ என்று பயம். நசுங்கிவிடுவோமோ என்று பயம். எல்லாவற்றையும்விட, அதன் மூச்சு என் கழுத்தில் சூடாக வந்து வந்து மோதும்போது, இது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயம். உடம்பு முழுக்க அது நடுங்கியது. நானும் நடுங்கினேன். எந்த நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நாலைந்து பேர் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. களி உறிஞ்சிப் பிடித்திருந்தது.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். “தண்ணி விட்டாத்தான் சேறு புடிய விடும். அன்னைக்கு எரும மாட்டுக்கு அப்படித்தான செஞ்சோம்?” என்றார்.

“தண்ணி வேணாம்மா! முழுகிடும்!” என்று பாய் அலறினார்.

“முழுகாது பாய். என்ன நம்பு. இப்படியே உட்டாத்தான் கால முறிச்சிக்கும்.”

வாய்க்கால் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர் ஒன்றே ஒன்றுதான், வரப்புக்கு மறுபக்கம் அவருடைய சொந்தப் பாத்தியில் நின்ற உப்புத் தண்ணீர். அடியில் உப்பு விளைந்து, அன்றைக்கு வார வேண்டிய பாத்தி. வரப்பை உடைத்தால் தண்ணீரோடு அதுவும் இந்தச் சேற்றுக்குள் போகும். படுத்திருந்த இடத்திலிருந்து அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாத்தியை ஒரு தரம் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். மண்வெட்டியை வாங்கி வரப்பில் ஓங்கி முதல் போடு போட்டார், மற்றவர்களும் சேர்ந்து குறுக்கே வெட்டினார்கள்.

தண்ணீர் பாய்ந்து வந்தது. என் வாய், மூக்கு, கண் எல்லாம் உப்பு. குதிரை மறுபடி திமிறியது. “பேட்டா, பேட்டா” என்று பாய் ஒரு பக்கம். மறுபக்கம் நான், வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘அச்சுக்குட்டி’ என்றும் சொன்னதாகப் பிறகு ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

கயிறு தோலை அறுத்துவிடும் என்று, உப்புக் குவியலை மூடும் தார்ப்பாயைப் பட்டையாக மடித்து, குதிரையின் பின்தொடையைச் சுற்றிக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். ஆண்கள், பெண்கள் எல்லாரும். களிக்குள் தண்ணீர் இறங்க இறங்க, குபுக் குபுக்கென்று குமிழி வந்தது. “இப்போ!” என்றார் அக்கா. இழுத்தார்கள். களி பெரிய ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தத்தோடு பிடியை விட்டது. குதிரை என்னை உருட்டித் தள்ளிவிட்டு, முட்டிபோட்டு, சறுக்கி, வரப்பின் மேல் ஏறி நின்றது.

நின்றது என்றுதான் நினைத்தோம். முன் இடது காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கியே வைத்திருந்தது.

பாய் அந்தக் காலைத் தொடவே பயந்து நின்றார். அதே நேரம் முதலாளியின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கி, சேறும் உப்புமாக நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு தூக்கிய காலைப் பார்த்தார்.

“யாரு செஞ்சது?”

“கயிறு என் கையில இருந்துச்சு சார். நழுவ விட்டுட்டேன்” என்றார் பாய், உடனேயே.

பாய் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஊரில் யாரைக் கேட்டாலும், இவனுக்கு வாய் மூடாது என்றுதான் சொல்வார்கள். அந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. குதிரையின் கால் உடைந்திருந்தால்? ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு ஓட வேண்டியதுதானா? பாயே சொல்லிவிட்டாரே, அப்படியே இருக்கட்டுமே என்றுகூட மனசு ஒரு மூலையில் சொன்னது. முதலாளி குனிந்து காலைத் தடவி, எழுந்து, பாயைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கும் வரை நான் பேசவில்லை.

“சார், அவர் மேல தப்பில்ல. இங்க நிறுத்தச் சொன்னது நான். கயித்த நீளமா விடச் சொன்னதும் நான். கிலுகிலுப்பைய ஆட்டி மிரட்டினதும் நான்தான்” என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். “மொதல்ல நடக்கட்டும்” என்றார்.

நொண்டிக்கொண்டு வந்த குதிரையைத் தார்ச் சாலைக்குக் கூட்டிப் போனார்கள். முதலாளியே கயிற்றைப் பிடித்தார். பாய் பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். குளம்புச் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் அவர் கால் பார்ப்பாராம். முதல் இரண்டு மூன்று அடிக்குச் சத்தம் தப்பித் தப்பி வந்தது. பாயின் உதடுகள் அசைந்தன. பிறகு மெல்ல மெல்ல, டக் டக் டக் டக். நான்கும் ஒரே அளவாக. பத்தடி, இருபதடி, ஒரே அளவாக. பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். காலில் இருந்தது உப்பு வெட்டிய காயம்தான், எலும்பு தப்பித்துவிட்டது என்று மதியம் வந்த டாக்டரும் சொன்னார்.

“உன் மூஞ்சிய இனிமே நான் பாக்கக் கூடாது” என்றார் முதலாளி. நியாயம்தான். அடுத்த ஒரு வாரம் நானே கண்ணாடியில் அதைப் பார்க்கவில்லை. முதலாளியின் ஆள் அக்காவிடம் வந்து, போன உப்புக்கு ஈடாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, உடைத்த பாத்தியைத் திரும்ப மிதிக்க ஆள் வேண்டும் என்றாராம். கேள்விப்பட்டதும் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் போனேன். நான்கு நாள் மிதித்தேன். பாதம் வெடித்துப் புண்ணானது. என் நடையைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு உப்பு பரவாயில்லை.

அந்த அக்கா, பேர்கூடத் தெரியாத ஒரு குதிரைக்காகத் தன் பாத்தியை உடைக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம். அடுத்தவர் தலையில் விழுந்துகொண்டிருந்த என் தப்பை என்னுடையது என்று சொல்ல, நான் எடுத்துக்கொண்டது அதைவிட ரொம்ப அதிகம். அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத்தான் இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு மூச்சுக்கு வந்து சேரவில்லை.