குழிக்கு ஒரு பதில்

என் அண்ணனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அறிவு ஐந்தாறு வயதிலேயே நின்றுவிட்டது என்பார்கள் டாக்டர்கள். அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு யாரும் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. "உம் புள்ள இன்னா கலெக்டரா? போ, மொதல்ல அவனப் பாரு" என்பாள்.

ராயபுரத்தில், துறைமுகம் போகும் ரோட்டோரம் அம்மா இட்லிக் கடை போட்டிருந்தாள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கடைதான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு. சிறுவயதில் ஒருமுறை அண்ணன் காணாமல் போய், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கிடைத்தான். பேர் கேட்டவர்களுக்கெல்லாம் அழுகைதான் பதில். மறுநாளே பாடம் ஆரம்பமானது. நாலு குழி இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். குழிக்கு ஒரு கேள்வி. உன் பேர் இன்னா? உங்கப்பா பேர் இன்னா? எந்தத் தெரு? கடைசிக் குழியில், "யார்னா கூப்டா பின்னாடியே போவியா?" அதற்கு அவன் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வந்தால்தான் மாவு விழும். ஷிப்டுக்கு நேரமாகிறதென்று பறக்கிற ஆட்கள்கூட, "இருக்கட்டும்க்கா, தம்பி சொல்லட்டும்" என்று நிற்பார்கள். அந்த மனுஷர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அண்ணன் தேறிவிட்டான். யார் பேர் கேட்டாலும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நான்கையும் மடமடவென்று ஒப்பிப்பான். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை தங்க மெடல் வாங்கினாற்போல இருக்கும்.

போன வருடம் அம்மாவுக்கு கிட்னி பழுதாகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். எனக்கு மணலிப் பக்கம் பேக்கிங் கம்பெனியில் வேலை. அடிக்கடி லீவு போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஒரே ஒரு நாள் அண்ணனைத் தனியாக விட்டோம். டீ போடலாமென்று கேஸைத் திறந்தவன், தீப்பெட்டி தேடப் போய் அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். எதிர்வீட்டு பாய்க்கு வாசனை வந்திராவிட்டால் அவனும் இல்லை, வீடும் இல்லை. அன்றிலிருந்து அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாள்.

"அவன வுட்டுட்டு நான் எங்கியும் வர்ல. செத்தா சாவறேன், போ."

கால் இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன. நான் கத்தாத கத்தல் இல்லை.

திருவொற்றியூரில் இவனைப் போன்ற பெரியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்று இருப்பதாக பாய்தான் விசாரித்துச் சொன்னார். காலியாக இருந்தது ஒரே இடம். வீட்டில் தனியாக இருக்கவே முடியாதவர்களுக்குத்தான் தருவார்களாம். நேரில் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

ஷேர் ஆட்டோவில் அண்ணன் காதோடு சொன்னேன்: "மேடம் இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுண்ணே." இதில் எனக்கு வெட்கமே இல்லை. அம்மா பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"எம்புள்ளய முட்டாளாட்டம் நடிக்கச் சொல்றியாடி? நாக்க இஸ்து வெச்சி அறுத்துடுவேன்."

அவனுக்கு அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை, பவுடர், படிய வாரிய தலை, எல்லாம் அவள் கைவேலை.

மையத்து மேடம் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பேர் என்ன சார்?" அண்ணன் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். மேடமும் எல்லோரையும் போலப் பேரில் ஆரம்பித்து, அப்பா, தெரு என்றே போனார். அண்ணன் கணீரென்று சொன்னான். "யாராவது கூப்பிட்டா போயிடுவீங்களா?" என்றார். "மாட்டேன்!"

மேடம் சிரித்தார். "ரொம்ப அருமையா பழக்கியிருக்கீங்கம்மா. இவர் தனியா இருந்துப்பாரே. இவரைவிடக் கஷ்டமான நிலைமையில இருக்கிறவங்க வெளியில உக்காந்திருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் கதையைச் சொல்லிக் கத்தினேன். "இடத்துக்காக எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்றாங்கம்மா" என்றார் அவர், பொறுமையாகவே. நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"மேடம், அதே கேள்விய கடைசிலேர்ந்து கேளுங்க."

மேடத்துக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டார். "யாராவது கூப்பிட்டா போவீங்களா?"

அண்ணன் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தன் பேரைச் சொன்னான்.

"எந்தத் தெரு?" அப்பா பேரைச் சொன்னான்.

"அப்பா பேர்?" தெருப் பேரைச் சொன்னான்.

"உங்க பேர் என்ன?"

"மாட்டேன்!" என்றான், முன்பு சொன்ன அதே கம்பீரத்தோடு.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மேடத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்; அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. "வெரி குட் சார்" என்றார்.

அம்மா சுவரைப் பார்த்தபடி பேசினாள். "குழி மாறிச்சுன்னா அவனுக்குத் தெரியாது மேடம். எனக்கு அப்பவே தெரியும். ஊரு சிரிக்கக் கூடாதுன்னு, பெத்த பொண்ணாண்டகூட சொல்லாம மூடி வெச்சிக்கினு இருந்தேன்."

இத்தனை வருடம் கட்டிக் காத்த பெருமையை, முன்பின் தெரியாத ஒருவர் மேஜையில் தன் கையாலேயே போட்டு உடைத்தாளே! என்ன பொம்பளை இவள்! இவள் வயிற்றில் பிறந்ததற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"திங்கக்கிழமையிலிருந்து கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் மேடம். அதுவரைக்கும் அண்ணனுடன் இருப்பதாக பாய் வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். அதையும் அம்மா இதுவரை வேண்டாமென்றே தள்ளிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அண்ணன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "மா, நான் கரீட்டா சொன்னேன்ல?"

"ஒண்ணுகூட தப்பில்ல நைனா" என்றாள் அம்மா. அவன் நெற்றியில் வழிந்த பவுடரைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி நின்னுகினு கீற? இவன பாய் வூட்ல வுட்டுட்டு, என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."