இரண்டாம் வாரமே தேங்காய் உடைத்த என் தோள்பட்டை

போன ஆடி மாதத்திலிருந்து என் வலது கை எனக்குச் சொந்தமாக இல்லை. சட்டைக்குள் நுழையாது. தலைக்கு மேல் போகாது. என் மனைவி பாண்டியம்மாள்தான் எனக்குப் பொத்தான் போட்டாள், தலை சீவிவிட்டாள். சீவுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். ஆனாலும் ஐம்பத்து மூன்று வயதில் அப்படிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு வரும் கோபம் இருக்கிறதே, நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

காளியாத்தாளை நம்பி வாழும் சொந்தங்களே, நான் கம்பத்துக்குப் பக்கத்தில் பன்னீர் திராட்சை போட்டிருப்பவன். ஒன்றேகால் ஏக்கர் பந்தல். எங்கள் பிழைப்பு முழுக்க அண்ணாந்தே நடக்கும். கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, குலை வெட்டுவது எல்லாமே கையை மேலே தூக்கித்தான். முப்பது வருடம் தூக்கிய கை ஒருநாள் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டது.

தை கடைசியில் கவாத்து வெட்ட வேண்டும். பழைய கொடியை வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் வரும். அதில்தான் அடுத்த குலை. எத்தனை முளைக்கண் விட்டு எங்கே வெட்டுவது என்று கொடி கொடியாகப் பார்க்க வேண்டும். கூலிக்கு ஆள் விட்டால் சலூனில் வெட்டுகிற மாதிரி ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு என் கைதான் வேண்டும். அதற்குள் கை வராவிட்டால் பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று வீட்டிலேயே பேச்சு வந்துவிட்டது. எடுத்துக்கொள்ள என் சித்தப்பா மகன் முருகேசன் தயாராக இருந்தான். தினமும் சாயங்காலம் என் தோளை விசாரிக்க வருவான். கண் மட்டும் பந்தலில் இருக்கும்.

"அண்ணே, கை எப்பிடி இருக்கு?"

"இருக்கு."

"அங்கன மூணு கல்லுக்கால் சாஞ்சு கெடக்கு போல. நீங்க செரமப்படாதீக. நான் பாத்துக்கிறேன்."

என் தோளைக் கேட்க வந்தவன் என் பந்தலைத் தாங்கும் கல்லுக்காலை எண்ணுகிறான்! கை நன்றாக இருந்திருந்தால் அன்றைக்கே ஒன்று வைத்திருப்பேன். இடது கையால் அடித்தால் குறி தப்பும் என்று விட்டுவிட்டேன்.

எண்ணெய் தேய்த்தேன். ஊசி போட்டேன். பச்சிலைக் கட்டுப் போட்டு ஒரு வாரம் மூலிகைத் தோட்டம் மாதிரி நாறினேன். மதுரையில் எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, தசைநார் வீங்கி எலும்புக்கு நடுவே நசுங்குகிறது, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யுங்கள் என்றார். அப்போதுதான் என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கைரோபிராக்டிக் என்று ஒரு வைத்தியம். மருந்து கிடையாது. கையாலேயே மூட்டுகளை அசைத்துச் சரி செய்கிறார்கள். படுத்திருக்கும் ஆளுக்கு மடக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எழுந்து கையை வீசி ஆடுகிறான். எனக்கும் அந்த ஒரு மடக் போதும் என்று முடிவு செய்தேன்.

தேனியில் அந்த வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். போவதற்கு முன்னால், நம் வழக்கப்படி, எங்கள் ஊர் காளியாத்தாளிடம் பூக்கேட்டேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ஆத்தா காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது. ஆகும் என்று உத்தரவு. குணமானால் கோயில் வாசலில் இருபத்தோரு சிதறுதேங்காய் என்று நேர்ந்துகொண்டேன்.

நான் கேட்டது "குணமாகுமா?" என்று மட்டும். எத்தனை நாளில் என்று கேட்கவில்லை. அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை.

கார்த்திகை பிறந்ததும் போனேன். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். கழுத்து, முதுகு, தோள் எல்லாம் அழுத்திப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார். எப்போது சரியாகும் என்று கேட்டேன்.

"அது ஆளுக்கு ஆள் மாறும் சேட்டா. ஆறு, எட்டு வாரம் பார்க்கணும். சிலருக்கு மூணு மாசமும் ஆகும். வாரத்துல ரெண்டு தடவை வரணும். வீட்ல தினமும் பயிற்சி செய்யணும். தோளுக்கு மேல பாரம் தூக்கக் கூடாது, கேட்டோ?"

காது கேட்டது. மண்டைக்குள் போகவில்லை. வெள்ளைப் பூ வந்தவனுக்கு வாரக் கணக்கா?

நாலாவது தடவை முடிந்து வெளியே வந்தபோது கை காது வரைக்கும் போனது. பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். இரண்டு வாரத்தில் ஆத்தா கொடுத்துவிட்டாள்! மறுநாள் வெள்ளிக்கிழமை. இருபத்தோரு தேங்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றேன். சாக்கைப் பிடித்தவன் முருகேசன். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். இடது கையால் உடைத்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சாமி காரியத்தை இடது கையால் யாராவது செய்வார்களா? ஓங்கி ஓங்கி எட்டுத் தேங்காய் உடைத்தேன். ஒன்பதாவதுக்குக் கையை ஓங்கினேன். தோளில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. தேங்காய் உடையாமல் உருண்டு போய் முருகேசன் காலில் நின்றது.

அவன் குனிந்து எடுத்தான். "அண்ணே, இதையும் நானே பாத்துக்கிறேன்" என்றான்.

மீதியை எல்லாம் அவன்தான் உடைத்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊர் சிரித்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் மனுஷனாக இல்லை. டாக்டரம்மாவைத் திட்டினேன். வீடியோவில் ஆடியவனைத் திட்டினேன். தேனிக்குப் போவதை நிறுத்தினேன். சுவரைப் பார்த்துச் செய்யச் சொன்ன பயிற்சியையும் நிறுத்தினேன். பாண்டியம்மாள் இரண்டு வாரம் பொறுத்தாள்.

"டாக்டரம்மா எட்டு வாரம்னு சொன்னாக. நீங்க ரெண்டு வாரத்துல தேங்கா ஒடைக்கப் போனீக. இப்ப எவளத் திட்டி என்ன ஆகப்போகுது?"

"வெள்ளப் பூ வந்துச்சேடி!"

"அப்ப ஆத்தாட்ட போய்க் கேளுங்க. எங்கிட்டக் கத்தாதீக."

போனேன். செவ்வாய்க்கிழமை காலை. கோயிலில் பூசாரியைத் தவிர யாரும் இல்லை. நான் கும்பிடவில்லை. கும்பிடக் கைதான் சேரவில்லையே. நின்ற இடத்தில் நின்று கத்தினேன். "ஏத்தா, முப்பது வருசமா உனக்குத்தான முதக் குலை? அடுத்தவன் கையவா கேட்டேன்? எங் கையத்தான கேட்டேன்? ஆகும்னு பூவக் குடுத்துட்டு ஊரு முன்னாடி என்னையக் கோமாளி ஆக்கிட்டியே! நான் இப்ப என்ன செய்யட்டும்? வாயத் தொறந்து சொல்லு!" கண்ணீரும் மூக்குச் சளியும் ஒன்றாக ஓடின. பூசாரி தீபத் தட்டோடு ஒதுங்கி நின்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. டாக்டரம்மா.

"ரெண்டு வாரமா ஆளைக் காணல்லல்லோ. எந்தா சேட்டா?"

தேங்காய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"தேங்காயா? ஆரு உங்களை எறியச் சொன்னது? தோட்டத்துல கவாத்து வெட்டி எத்தனை நாள்ல குலை வெட்டுவீங்க?"

"நாலு மாசம்."

"கொடிக்கு நாலு மாசம் குடுக்கிறீங்க. தோளுக்கு ரெண்டு மாசம் குடுக்க மாட்டீங்களா? நாளைக்கு வந்துடணும்!"

போனை வைத்துவிட்டார். நான் ஆத்தாளைப் பார்த்தேன். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். வாயைத் திறந்து சொல் என்று கேட்டேன். திட்டு விழுந்தது. எனக்குச் சரியான பதில்தான்.

மறுநாள் போனேன். எதுவும் கிழியவில்லை, வீக்கம்தான் கூடியிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து என்றார் டாக்டரம்மா. வாரம் இரண்டு தடவை தேனி. பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்து, டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு போனேன். வீட்டில் தினமும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. எட்டிய உயரத்தில் பாண்டியம்மாள் கரிக்கட்டையால் கோடு போடுவாள். முதல் வாரம் கோடு அசையவே இல்லை. கரிக்கட்டையைத் தூக்கி எறிந்தேன். அவள் எடுத்து வந்து மறுபடி போட்டாள். மூன்றாவது வாரம் இரண்டு விரற்கடை ஏறியது. ஒருநாள் ஏறும், மறுநாள் இறங்கும். என் வேண்டுதலும் மாறியது. கையைக் கொடு என்று கேட்பதை விட்டேன். "ஆத்தா, இன்னைக்கு ஒருநாள் நான் தேனி பஸ்ஸுல ஏறிரணும்" என்று மட்டும் கேட்டேன். அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை.

ஐந்தாவது வாரம் சட்டையை நானே போட்டேன். எட்டாவது வாரம் கை தலைக்கு மேல் நேராக நின்றது. தை கடைசியில் கத்தரிக்கோலோடு பந்தலுக்குள் போனேன். ஒரு மணி நேரம் வெட்டு, ஒரு மணி நேரம் ஓய்வு, டாக்டரம்மா உத்தரவு. நாலு நாள் வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு கொடியையும் என் கண்ணால் பார்த்து, என் கையால் வெட்டினேன். முருகேசன் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். குத்தகைப் பேச்சு அதோடு நின்றது.

எனக்கு இவ்வளவு நாள் ஆனது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம். முதலில் டாக்டரிடம் காட்டி என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஆத்தாளிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், கோபப்பட்டுக் கேளுங்கள், அவள் தாங்குவாள். எத்தனை நாளில் என்று மட்டும் நீங்கள் குறிக்காதீர்கள். அதை அவளிடம் விட்டுவிட்டு, செய்ய வேண்டியதை அன்றன்றைக்குச் செய்யுங்கள். கோமாளியான என்னையே கைவிடாதவள் உங்களையா விடப்போகிறாள்?

இப்போது கொடியில் பூ வந்திருக்கிறது. இந்த நேரத்தில் மழை பெய்தால் அத்தனையும் கொட்டிப்போகும். நேற்று மேற்கே கருத்தது. உடனே கோயிலுக்குப் போய் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டுதான்.